ஆரோடை போறியள்?

குறிகாட்டுவான் இறங்குதுறையில் இரண்டு ஊர்ப் படகுகள் கட்டியிருக்கும். ஒன்று நயினாதீவுக்கு, இருபது நிமிடத்துக்குள் போய்விடும். மற்றது நெடுந்தீவுக்கு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். புருசனை இழந்த, அறுபது தாண்டிய ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸில் தனியே ஏறுகிறார். பண்ணைத் தாம்போதி, வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு எல்லாம் தாண்டித் துறையில் வந்து இறங்குகிறார். கையில் ஒரு பை, ஒரு போத்தல் தண்ணீர்.

“எங்கை அம்மா?”

“நயினாதீவுக்கு. அம்மாளிட்டை.”

கேட்டவர் பையை வாங்கிப் படகுக்குள் வைக்கிறார். இன்னொருவர் கை கொடுத்து இறக்குகிறார். தனக்கும் சேர்த்து ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லி மூன்றாமவர் காசு நீட்டுகிறார்.

இப்போது அதே அம்மா, அதே சீலை, அதே பை. நெடுந்தீவுப் படகடிக்கு நடக்கிறார்.

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. குதிரை பாக்கப் போறன்.”

“ஆரோடை போறியள்?”

“தனியத்தான்.”

படகின் கயிறு அவிழும் முன்னரே அவருடைய மகனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போயிருக்கும். அம்மாவுக்குக் கொஞ்சம் மனம் சரியில்லைப் போல, ஒருக்கால் விசாரியும்.

கடல் இரண்டு பயணத்துக்கும் ஒன்றுதான். நெடுந்தீவுப் பக்கம் அலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஊரைக் குழப்புவது அலை அல்ல. முதற்பயணத்தின் மறுமுனையில் நாகபூசணி அம்மன் இருக்கிறாள், பொறுப்பெடுக்க ஒருத்தி. இரண்டாவது பயணத்தின் மறுமுனையில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து கட்டாக்காலியாய்த் திரியும் மட்டக் குதிரைகளும், கடற்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும், ஒரு பெருக்குமரமும் இருக்கின்றன. இவற்றில் எதுவும் ஒரு விதவைக்குப் பொறுப்பு நிற்காது.

கச்சதீவைப் பாருங்கள். சுமார் 285 ஏக்கர் நிலம். குடிமனை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, மாசி பங்குனியில், அந்தோனியார் திருவிழா. ஊர்காவற்றுறையிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் கத்தோலிக்கப் பெண்கள் போகிறார்கள். இராமேசுவரத்திலிருந்தும் படகுகள் வருகின்றன. பாயை விரித்து, சீலையை இழுத்துக் கட்டி நிழல் செய்து, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் நடுவே மணலில் இரவு தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். சுற்றிவரக் கடற்படைப் படகுகள். மனிதர் வாழாத ஒரு தீவில் ஒரு விதவை இரவு படுத்து எழும்புவதை எந்த மகனும் தடுப்பதில்லை. அந்தோனியாரை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட்டு, அதே பெண்ணை அதே மணலில் அதே பாயோடு வைத்துப் பாருங்கள். பங்குத்தந்தை வரை முறைப்பாடு போகும்.

கதிர்காமப் பாதயாத்திரை இதைவிடப் பெரிது. செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையால் இறங்கி, உகந்தை தாண்டி, குமண, யால காடுகளுக்குள் நடந்து, ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் போய்ச் சேரும் கால்நடைப் பயணம். வாரக்கணக்கு அல்ல, மாதக்கணக்கு. அந்த வரிசையில் வெள்ளைச் சீலைக் கிழவிகளைக் காணாத ஆண்டு இல்லை. மரத்தடியில் படுக்கிறார்கள், கோயில் மடத்தில் சமைக்கிறார்கள், யானை நடமாடும் காட்டுக்குள் இரவைக் கழிக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அதற்குக் காசு அனுப்பி, படத்தை முகநூலிலும் போடுகிறார்கள். யானைக் காட்டுக்குள் போகலாம், நெடுந்தீவுக்குப் போக ஏலாது என்றால், இந்தத் தடை ஆபத்தைப் பற்றியது அல்ல என்பதை ஒத்துக்கொண்டே மேலே பேச வேண்டும்.

பக்தர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: கந்தன் காப்பான். இருக்கட்டும். ஆனால் நடந்து வந்த அம்மாக்கள் என்ன கதைக்கிறார்கள் என்று காது கொடுத்துப் பாருங்கள். பாணமையில் சோறு போட்டது ஆர், குமணவில் இரவு கேட்ட சத்தம் என்ன, கால் வீங்கியபோது முன்பின் தெரியாத ஒரு மனுசி என்ன பச்சிலை கட்டினாள், எந்த ஆற்றில் இறங்கிக் குளித்தது. கந்தனுக்கு இரண்டு வசனம், வழிக்கு இரண்டு மணி நேரம். அவர்களுடைய பக்தியை நான் பொய் என்று சொல்லவில்லை. பக்தியோடு சேர்த்து வேறொன்றும் அந்த நடையில் இருந்திருக்கிறது, அதற்கு நம்மிடம் மரியாதையான அனுமதி கிடையாது, ஆகவே அது முருகன் பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் நம் பகுத்தறிவுத் தோழர்கள் மேல்தான் எனக்குக் கோபம். கோயிலுக்கு அள்ளுப்பட்டுப் போகும் பெண்களைப் பார்த்து மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள், அந்தப் பெண்களுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்பதில்லை. திறந்திருந்த ஒரே கதவில் கோபுரம் இருந்தது. அவர்கள் அதனால் போனார்கள். கோபுரத்தைக் கேலி செய்ய முதல் இன்னொரு கதவு வைத்துக் கொடுத்தீர்களா?

கடவுளைத் தவிர இன்னும் சில அனுமதிகளும் உண்டு. காணாமல் போன புருசன் அதில் ஒன்று. 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் பிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஆண்கள் திரும்பி வரவில்லை. அன்று தொடங்கி 2009 வன்னி வரை எத்தனையோ பெண்கள், பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாத நிலையில், முகாமுக்கும் சிறைக்கும் ஆணைக்குழுவுக்குமாக அலைந்தார்கள். பூசா, வெலிக்கடை, கொழும்பு, சிலர் ஜெனீவா வரை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் குந்தியவர்கள் ஆண்டுக்கணக்காக எழும்பவில்லை. சிங்களம் தெரியாத பெண் தனியே இரவு பஸ்ஸில் தெற்கே போய் வந்ததை ஊர் குற்றமாகச் சொல்லவில்லை. அது புருசனுக்காக. தேடிப் போகலாம், திரிய ஏலாது.

அடுத்த அனுமதி பேரப்பிள்ளை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் நம்முடைய நேர்மையீனம் வெளிச்சமாய்த் தெரிகிறது. மெல்பேர்ணில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறக்கிறது. வேலணை அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, பிரஷர் இருக்கிறது, முழங்கால் நோகிறது. ஆனாலும் கட்டுநாயக்காவில் சக்கர நாற்காலி ஒழுங்கு செய்து, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியே பறக்க வைக்கிறோம். பத்து மணி நேரத்துக்கும் கூடுதலாக, பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஆணோடு. அப்போது ஒருவரும் ஆரோடை என்று கேட்பதில்லை. அங்கே போய்க் குழந்தையைக் குளிப்பாட்டி, புட்டு அவித்து, விசா முடியத் திரும்பி வருகிறார்.

அந்த மகன் இருக்கும் தெருவில் எழுபது வயது வெள்ளைக்காரி ஒருத்தி இருப்பாள். கணவன் செத்த பிறகு காரின் பின்னால் கரவன் வண்டியைக் கொழுவி, அடுப்பும் கட்டிலும் அதற்குள்ளேயே, குயீன்ஸ்லாந்துப் பக்கம் தனியே போய்விட்டு மாதக்கணக்கில் கழித்து வருவாள். அவுஸ்திரேலியாவில் இப்படித் திரியும் முதியோருக்கு நரைத்த நாடோடிகள் என்று செல்லப் பெயரே இருக்கிறது. நம் பிள்ளை அவளைப் பார்த்து வியப்பான். என்ன துணிச்சல், இவையளிட்டை இருந்து படிக்க வேணும் என்று பதிவும் போடுவான். அன்று இரவே ஊருக்கு எடுத்து, “அம்மா, கேள்விப்பட்டன், ஏன் தனிய அங்கை இங்கை போறியள்? சனம் என்ன கதைக்கும்?” என்பான். இரண்டையும் ஒரே கைப்பேசியில், ஒரே மணி நேரத்தில்.

கரவன் வாழ்க்கையை நான் சொர்க்கமாகக் காட்ட வரவில்லை. 2020இல் வந்த நோமட்லாண்ட் படத்தில் புருசனையும் வேலையையும் இழந்த ஃபேர்ன் வேனிலேயே குடியிருக்கிறாள். அதில் சுதந்திரம் எவ்வளவு, அமெரிக்க முதுமையின் வறுமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். கையில் காசில்லாதவளின் பயணத்தைத் துணிச்சல் என்று புகழ்வது ஒரு வசதியான பொய். வடக்கிலும் கிழக்கிலும் 89,000 போர் விதவைகள் என்று 2010இல் அரசு தரப்பே சொன்னது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அன்றைய பிரச்சினை குதிரை பார்ப்பது அல்ல, அரிசி. அது எனக்குத் தெரியும். ஆனால் அரிசிப் பிரச்சினை தீர்ந்த வீட்டிலும், பென்சனும் வெளிநாட்டுக் காசும் வரும் வீட்டிலும், படலை பூட்டித்தானே இருக்கிறது?

யாழ்ப்பாணத்து வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருப்பது. சீதன வீடு. அதோடு தேசவழமை என்று ஒரு சட்டமும் நமக்கு இருக்கிறது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்தார். சரிதானா என்று பார்த்துச் சொன்னவர்கள் பன்னிரண்டு முதலிமார், பன்னிருவரும் ஆண்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வழமையும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் சேர்ந்து செய்யும் வேலை வேடிக்கையானது. கலியாணம் கட்டிய பெண், தன் தாய் தகப்பன் தனக்குத் தந்த சீதனக் காணியைக்கூடப் புருசனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கட்டாத பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. புருசன் செத்த பெண்ணுக்கும் இல்லை. அதாவது தேசவழமையின் கண்ணில் விதவை ஒரு முழு ஆள். அவள் கையெழுத்துத் தனியே நின்று செல்லும்.

காணியை எழுதிக் கொடுக்க ஒருவரையும் கேட்க வேண்டாம், ஆனால் குறிகாட்டுவானுக்குப் போகக் கேட்க வேண்டும். முந்நூறு ஆண்டு பழைய ஒல்லாந்தச் சட்டத்தைவிட நாம் பின்னுக்கு நிற்கிறோம். வீடு அவள் பெயரில், படலை ஊரின் பெயரில். அந்தக் கையெழுத்து எதற்குப் பயன்படுகிறது என்பதையும் கவனியுங்கள். அந்தியேட்டி முடிந்த சூட்டோடு பிள்ளைகள் நொத்தாரிசைக் கூட்டி வருவார்கள். அவள் முதன்முதலாய் முழு ஆளாகும் நாளிலேயே காணி கைமாறும். காணாமல் போனவரின் மனைவிக்கு அதுவும் இல்லை. அவளுடைய புருசன் சட்டப்படி உயிரோடு இருப்பதால், அவருடைய சம்மதத்துக்குப் பதில் நீதிமன்றத்தில் ஒரு கட்டளை எடுக்க வேண்டும். 2016இல் திருத்தம் வந்து காணாமற்போனமைச் சான்றிதழ் என்று ஒன்று தரத் தொடங்கும்வரை, செத்தார் என்று பதிவதைத் தவிர அவளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

இனி முழுவியளம். காலமை வெளிக்கிடும்போது எதிரே விதவை வந்தால் காரியம் கெடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள், வாயால் சொல்வதில்லை, ஆனால் திரும்பி வந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் 1928 தொடக்கம் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர் பின்னாளில் ஒரு இலட்சம் ரூபா பந்தயம் கட்டினார்: அற்புத சக்தி இருப்பதாகச் சொல்பவர் நிரூபித்துக் காட்டட்டும் என்று. 1978இல் அவர் சாகும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை. முழுவியளத்துக்கு அப்படிப் பந்தயம்கூடத் தேவையில்லை, பரிசோதனை தினமும் நடந்துகொண்டிருக்கிறது. நெடுந்தீவிலிருந்து காலமைப் படகில் ஆசுபத்திரிக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் வருகிறவர்களில் எத்தனை விதவைகள்! குமுதினியில் வந்தார்கள், வடதாரகையில் வந்தார்கள், நெடுந்தாரகையில் வருகிறார்கள். இயந்திரம் பழுதான நாள் உண்டு. அதற்குக் காரணம் வெள்ளைச் சீலை என்று எந்த மெக்கானிக்கும் இதுவரை சொல்லவில்லை.

அந்தக் கடலில் பெரிய கேடு நடந்தது உண்மை. 1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்த குமுதினியை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் பெண்கள் உட்படக் குறைந்தது 23 பேரை வெட்டிக் கொன்றார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். விதவைகள் படகுக்குக் கேடு கொண்டுவரவில்லை. படகில் வந்த கேடு விதவைகளை உண்டாக்கியது. காரணத்தையும் விளைவையும் தலைகீழாக மாற்றி வைப்பதற்குத்தான் மூடநம்பிக்கை என்று பெயர். இதைக் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய தோழர்கள் முழுவியளத்தைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரமாவது போட்டார்களா?

இப்போது கண்ணகிக்கு வருவோம், ஏனென்றால் தீவகம் அவளுடைய ஊர்.

புருசனை அநியாயமாகக் கொலை கொடுத்த ஒரு இளம்பெண். பிறந்த வீடும் புகுந்த வீடும் தொலைவில், புகாரில். இன்றைய யாழ்ப்பாண நியாயப்படி அவள் என்ன செய்திருக்க வேண்டும்? பாண்டியனிடம் நட்டஈடு வாங்கி, மாதரி வீட்டு மூலையில் குந்தி, பெரியவர்கள் வந்து கூட்டிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அவள் அரசவைக்குத் தனியே போனாள். பிறகு வைகைக் கரையால் மேற்கே தனியே நடந்தாள். சிலம்பு அவளை மலைநாட்டில் விண்ணேற்றி முடிக்கிறது. ஈழத்து மரபு அங்கே முடிக்கச் சம்மதிக்கவில்லை. மதுரையை எரித்த கையோடு அவள் கடல் கடந்து வந்தாள், இடம் இடமாகத் தங்கினாள், பத்தாவது தங்கல்தான் வற்றாப்பளை என்று சொல்கிறது. நல்லது. கணவனை இழந்த பெண் ஒருத்தி துணையில்லாமல், முகவரியில்லாமல், கண்ட கண்ட ஊரில் தங்கித் தங்கிப் போன பயணத்துக்கு நாம் கோயில் கட்டி, வைகாசியில் பொங்கல் பொங்கி, நேர்த்தி வைத்துக் கும்பிடுகிறோம். அவளைப் போலப் போக வேண்டும் என்று ஒரு வேலணை விதவை சொன்னால் மனநல வைத்தியரிடம் கூட்டிப் போகிறோம்.

கண்ணகிக்கே பிறகு நடந்ததைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சமணச் செட்டிச்சியைக் கும்பிடுவது சைவருக்குத் தகாது என்று கண்டித்தார். கண்ணகை அம்மன் கோயில்கள் ஒவ்வொன்றாய்ப் பெயர் மாறின. புங்குடுதீவுக் கண்ணகை அம்மனும் இராசராசேசுவரி ஆனாள். ஆய்வாளர்கள் இதை ஆகமமயமாக்கம் என்பார்கள். எனக்கு அது ஒரு மறுமணம் போலத்தான் தெரிகிறது. தனியே வந்து நின்ற ஒரு விதவையைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், ஊர்ப் பெரியவர்கள் கூடி அவளைச் சிவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தெய்வத்தையே தனிய விடாதவர்கள் என் அம்மாவையா விடுவார்கள்?

இரட்டைக் காப்பியத்தின் மற்றப் பாதியிலும் பெண்ணைத் தனிய விடாத இந்த வழக்கம் இருக்கிறது. மணிமேகலையில் வரும் மணிபல்லவத்தை நயினாதீவு என்று கொள்ளும் மரபு நமக்குப் பெருமை. அதே காப்பியத்தில் சாதுவன் என்பவன் மனைவியை விட்டுக் கணிகையோடு திரிந்து, பணம் தொலைத்து, கப்பல் உடைந்து, நாகர் வாழும் மலைப்பக்கத்தில் கரையேறி, அங்குள்ளவர்களோடு அவர்கள் மொழியில் பேசிச் சிநேகிதம் பிடித்துப் பொருளோடு திரும்புகிறான். அவன் செத்தான் என்று கேட்ட மனைவி ஆதிரை செய்தது, தீ மூட்டி அதற்குள் இறங்கியது. அவன் உயிரோடு இருந்தபடியால் நெருப்பு அவளைச் சுடவில்லையாம். புருசனுக்குக் கடல், பெஞ்சாதிக்கு நெருப்பு. சாதுவன் உண்மையிலேயே செத்திருந்தால் அந்த நெருப்பு என்ன செய்திருக்கும் என்று எந்தப் பட்டிமன்றத்திலும் கேட்டதாக நினைவில்லை.

ஆண்கள் துணையை இழந்தால்? பெரியாரையே எடுக்கலாம், வேறு ஆளைச் சொன்னால் கட்சி பேசுகிறேன் என்பார்கள். 1933 மே 11 அன்று நாகம்மையார் ஈரோட்டில் இறந்தார். கள்ளுக்கடை மறியலிலும் வைக்கத்திலும் முன்னுக்கு நின்ற பெண் அவர். அடுத்த நாளே பெரியார் திருச்சிக்குப் பயணமானார், 144 தடையை மீறி ஒரு கிறித்தவச் சீர்திருத்தத் திருமணத்தை நடத்திக் கைதானார். அந்தத் துணிவை இன்றைக்கும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். சொல்லத்தான் வேண்டும், துக்கத்துக்குக் கட்டாய நாட்கணக்கு இல்லை என்று காட்டிய செயல் அது. ஆனால் கைதட்டும் தோழரே, உங்கள் தகப்பனார் செத்த மறுநாள் உங்கள் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால்? மறுநாள் வேண்டாம், ஒரு வருடம் கழித்து? ஆட்டைத் திவசமும் முடிந்த பிறகு? அவர் மேடைக்குப் போகவில்லை, போராட்டத்துக்கும் போகவில்லை, சும்மா போகிறார். கைதட்டு வருமா?

இங்கிலாந்தின் இசபெல்லா பேர்ட் நாற்பத்தொன்பது வயதில் கட்டிய கணவர் ஜோன் பிஷப்பை 1886இல் இழந்தார். 1889இல் இந்தியாவுக்குக் கப்பலேறி, காசுமீரத்தில் கணவர் பெயரில் ஆசுபத்திரி தொடங்கி, லடாக், பாரசீகம், கொரியா, சீனா என்று அறுபது தாண்டியும் போனார். அவருக்கும் சும்மா போக முடியவில்லை என்பதைக் கவனியுங்கள், ஆசுபத்திரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருந்தது. நோய் நம்முடையது மட்டும் அல்ல.

பாதுகாப்புப் பற்றிக் கேட்பார்கள். கேட்பது நியாயம். அதுவும் புங்குடுதீவுச் சாலையால் போகிற பயணத்தைப் பற்றி எழுதிவிட்டு 2015 மேயைச் சொல்லாமல் போக முடியாது. பாடசாலைக்குப் போன மாணவி ஒருத்தியைக் கடத்தி வல்லுறவு செய்து கொன்றார்கள். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் கூடிய மூன்று நீதிபதிகள் விசாரணை மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தப் பிள்ளை ஊர் சுற்றப் போனவள் அல்ல. நாளும் போகும் பாதை, பட்டப்பகல், சீருடை. குற்றவாளிகளும் கடல் கடந்து வந்த வேற்று மனிதர் அல்லர், ஊர் அறிந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். பெண்களை வீட்டுக்குள் வைத்திருந்தால் காப்பாற்றலாம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பற்றை மண்டிய பாழ்வளவுகள், ஆளில்லாத வீடுகள், தெருவிளக்கில்லாத ஒழுங்கைகள்தான் தீவகத்தின் ஆபத்து. அவை ஏன் பாழாய்க் கிடக்கின்றன? சொந்தக்காரர் பாரிசிலும் ரொறன்ரோவிலும். தெருவில் பெண்கள் கூடினால் தெரு பாதுகாப்பாகும். குறைந்தால் இன்னும் இருளும்.

அந்த மனுசிக்கே விருப்பமில்லை, நாங்கள் மறிக்கவில்லை என்று இன்னொரு பதிலும் வரும். இருக்கலாம். எல்லோருக்கும் திரிய ஆசை இருக்க வேண்டும் என்று சட்டமா? தன் வீட்டுத் திண்ணையில் இருந்து பாக்கு இடிப்பதில் நிறைவு காண்பவரை இழுத்துப் படகில் ஏற்றுவது இன்னொரு அதிகாரம். ஆனால் விருப்பத்தைக் கேட்கும் விதம் ஒன்று உண்டு. மூத்த மகனும் மருமகளும் சித்தப்பாவும் சுற்றிவர இருக்க, “அம்மா, உங்களுக்கு எங்கையும் போக விருப்பமோ?” என்று கேட்டால் எந்த அம்மா ஓம் என்பார்? காசைக் கையில் வைத்துவிட்டு, கேள்வியே கேட்காமல், ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.

சின்ன விடயங்களும் இருக்கின்றன, கொள்கையைவிட இவைதான் ஆட்களை வீட்டில் இருத்துவது. முழங்கால் நோகிறவர் படகில் இறங்க ஒரு ஒழுங்கான படி. துறையில் தண்ணீர் வரும், கதவு பூட்டும் கழிப்பறை. பின்னேரப் படகு எத்தனை மணிக்கு என்று எழுதித் தொங்கவிட்ட ஒரு பலகை. தனியே வந்த பெண்ணுக்கு அறை கொடுக்கத் தயங்காத ஒரு விடுதி. நம் தேசிய அடையாள அட்டையில் பெயர் இருக்கிறது, பிறந்த திகதி இருக்கிறது, விலாசம் இருக்கிறது, புருசனின் பெயருக்கு அதில் இடமே கிடையாது. அரசாங்கம் கேட்காத கேள்வியை விடுதி முகப்பில் இருப்பவர் தன் சொந்தச் செலவில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படி மினக்கெட்டுப் போய் அவருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். நெடுந்தீவு மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கும். குதிரைகள் கிட்ட வராது, கோடையில் எலும்பு தெரிய நிற்கும். பழைய கோட்டை இடிந்த சுவர், அவ்வளவே. புருசனின் நினைவு வந்து அழுகை வரலாம், வராமலும் விடலாம். துக்கம் ஆறவில்லை, மனம் மாறவில்லை, காலில் முள்ளுக் குத்தியதுதான் மிச்சம் என்று திரும்பி வரலாம். கதிர்காமம் போய் வந்தவரிடம் கந்தன் என்ன தந்தான் என்று எவரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்டது கிடைக்காவிட்டாலும் அடுத்த ஆடிக்கு மறுபடி நடக்க விடுகிறோம். அந்தச் சலுகையை வெயிலுக்கும் குதிரைக்கும் கொடுத்தால் என்ன? மகன் தொலைபேசியில் கேட்பான், எப்பிடி அம்மா நெடுந்தீவு என்று. “வெறும் வெயில்தான் தம்பி, ஒண்டுமில்லை” என்பார். அனலைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து எத்தனை மணிக்குப் படகு என்று அதற்குள் விசாரித்தும் வைத்திருப்பார்.